முன்பு நீல அட்டை

கிழக்குத் தாம்பரத்தில், வேளச்சேரி சாலையை விட்டு உள்ளே தள்ளியிருந்த அந்தக் கல்லூரியின் நூலகத்தில் யாரும் புத்தகத்தைப் பெயர் சொல்லிக் கேட்டதில்லை. நிறம் சொல்லித்தான் கேட்டார்கள்.

"அக்கா, அந்தப் பச்சை எக்கனாமிக்ஸ் குடுங்க."

"மேம், சிவப்புப் புக்கு ஒண்ணு, ஒல்லியா இருக்குமே, போன மாசம் எடுத்தேனே, அது."

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. எந்தப் புத்தகமும் இரண்டு வருடத்தில் முதுகு பிய்ந்து பைண்டிங்குக்குப் போய்விடும். பைண்டர் ஏகநாதன் படம் போட்ட அட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு, கெட்டி அட்டை வைத்து, மேலே காலிகோ துணியை ஒட்டித் தருவார். தமிழ் இலக்கியத்துக்குச் சிவப்பு, மொழிபெயர்ப்புக்கு நீலம், வணிகமும் பொருளாதாரமும் பச்சை, அறிவியல் கறுப்பு, வரலாறு மஞ்சள். பதினோரு வருடமாக இந்த ஐந்து நிறம்தான். முதுகில் தங்க எழுத்தில் தலைப்பு அச்சடித்திருப்பார். அது ஒரு மழைக்காலம் தாங்கும். அப்புறம் மிஞ்சுவது நிறம் மட்டும்.

செல்வமேரி அங்கே உதவி நூலகராகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வயது இருபத்து மூன்று. படப்பையிலிருந்து தினமும் பஸ். மடியில் எப்போதும் ஒரு நீல அட்டை இருக்கும். மண்ணிவாக்கம் தாண்டும்போது அவள் பஸ்ஸில் இருக்க மாட்டாள். பனி மூடிய ஏதோ ஒரு ரயில் நிலையத்தில், தேநீர்க் கொதிகலனுக்குப் பக்கத்தில், வராத கடிதத்துக்காகக் காத்துக்கொண்டிருப்பாள். முடிச்சூர் சாலையின் பள்ளம் ஒன்றில் பஸ் விழுந்து எழும்போதுதான் திரும்பி வருவாள். கண்டக்டர் இரண்டு முறை விசிலடித்த பிறகு தாம்பரத்தில் இறங்கிய நாட்களும் உண்டு.

போன வருடம் கல்லூரி தன் நூல் பட்டியலை இன்டர்நெட்டில் ஏற்றியது. இலவச மென்பொருள். எந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தும் புத்தகம் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஆனால் யாரும் பார்க்கவில்லை. பக்கம் அப்படி இருந்தது. சாம்பல் நிறம், எறும்பு வரிசை போல ஆங்கில எழுத்து, பத்தொன்பது கட்டங்கள். நூலகத்தின் அட்டெண்டர் காமு ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, பேங்க்கு சலான் மாதிரி கீது" என்றாள்.

அந்தச் சொல் செல்வமேரிக்குத் தைத்தது. மென்பொருளின் அமைப்புப் பக்கங்களைத் துழாவியபோது கடைசியில் ஒரு வெள்ளைப் பெட்டி அகப்பட்டது. பக்கத்தின் தோற்றத்தை மாற்ற வேண்டுமானால் இங்கே எழுதிக்கொள்ளலாம் என்று அதன் தலையில் போட்டிருந்தது. எழுத்தின் அளவு, நிறம், எது மேலே, எது கீழே, எது கண்ணில் படவே கூடாது, எல்லாம் அந்தப் பெட்டிக்குள் எழுதுகிறபடி. அவள் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வரலாம் என்று சொல்லும் கதவுகள் வாழ்க்கையில் அத்தனை அதிகமாக வருவதில்லை.

படப்பை பிரவுசிங் சென்டரில், அந்தப் பெட்டிக்குள் எப்படி எழுதுவது என்று சொல்லித்தரும் பாடங்களை அச்செடுத்து, பஸ்ஸில் நாவலுக்குப் பதிலாக அவற்றைப் படித்தாள். ஒரு புள்ளியை விட்டால் பக்கம் முழுவதும் குடை சாயும். சாய்ந்தது. நிமிர்த்தினாள். சாம்பல் போய் வெள்ளை வந்தது. தமிழ்த் தலைப்புகள் பெரிதாகின. பத்தொன்பது கட்டங்களில் பதினாறை மறைத்தாள். பிறகுதான் அந்த யோசனை வந்தது: இந்த நூலகத்தில் புத்தகத்துக்குப் பெயர் நிறம்தானே?

ஒவ்வொரு நூலின் பதிவிலும் 'அட்டை நிறம்' என்று ஒரு கட்டம் சேர்த்தாள். அதில் எழுதிய நிறத்தில், தலைப்புக்கு இடப்பக்கம் ஒரு பட்டை எழுந்து நிற்கும்படி செய்தாள், புத்தகத்தின் முதுகு போல. முதல் பக்கத்தில் ஐந்து நிறச் சதுரங்கள். மவுஸால் தொட்டால் அந்த நிறப் புத்தகங்கள் அடுக்கி வைத்த அலமாரி போல வந்து நிற்கும்.

ஏப்ரல், மே முழுவதும் காமு அலமாரி அலமாரியாக நின்று குரல் கொடுத்தாள். செல்வமேரி தட்டினாள். "மூவாயிரத்து நானூத்தி ஆறு, செவப்பு. ஏழு, செவப்பு. எட்டு, மூக்குப்பொடி கலரு."

"அது மஞ்சள்தான்கா, அழுக்கு."

"அழுக்குன்னு ஒரு கலரு வெச்சுக்க. பாதி அதான் வரும்."

ஆறாயிரத்து எண்ணூறு புத்தகங்கள். முடிந்த அன்று காமு தொண்டைக்கு மிளகு கஷாயம் குடித்தாள்.

தலைமை நூலகர் ராஜகோபாலுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. நூலகப் பக்கங்களை வடிவமைத்து விற்கும் நாவலூர்க் கம்பெனி ஒன்றின் வழுவழுப்பான விளம்பரப் புத்தகம் அவர் மேஜையில் கிடந்தது. அதில் எல்லாப் பக்கங்களும் ஒரே நீலச்சாம்பல். "மேரி, லைப்ரரின்னா ஒரு டிக்னிட்டி வேணும்மா. நீ பண்ணி வெச்சிருக்கறது ஜவுளிக் கடை ஆடித் தள்ளுபடி மாதிரி இருக்கு" என்றார். ஜூன் இரண்டாம் வாரம், திங்கட்கிழமை காலை, கல்லூரிச் செயலாளர் சரளா மேடம் நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. கம்பெனியின் பக்கம் வேண்டும் என்று அவர் சொன்னால் அன்று மாலையே செல்வமேரியின் பக்கம் கழற்றப்படும். வெள்ளைப் பெட்டி பூட்டப்படும்.

அந்தத் திங்கட்கிழமை வந்தது.

சரளா மேடம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கூட்டத்துக்கு நேரமாகிறது என்று சொல்லும் ஜாதி இல்லை. பார்க்க வந்தால் பார்ப்பவர். கம்பெனியின் மாதிரிப் பக்கத்தை ராஜகோபால் முதலில் காட்டினார். மேடம் தலையை ஆட்டினார். "நல்லாத்தான் இருக்கு. ஏர்போர்ட்டுல இருக்கற மாதிரி இருக்கு."

பிறகு செல்வமேரியின் பக்கம் திறந்தது. ஐந்து சதுரங்களையும் பார்த்ததும் மேடத்தின் கை கண்ணாடியைச் சரி செய்தது.

"இது என்ன கலர்?"

"நம்ம பைண்டிங் கலர் மேடம். பிள்ளைங்க அப்படித்தான் கேப்பாங்க."

 மேடம் சொன்னார்: "நான் இங்க காமர்ஸ் ட்யூட்டரா இருந்தப்ப ஒரு கதை படிச்சேன். ஒருத்தன் மலையில இருந்து ஐஸ் வெட்டி, வெயில் ஊருக்கு வண்டியில கொண்டு போவான். போய்ச் சேர்றதுக்குள்ள கரைஞ்சிடும். மறுபடி கிளம்புவான். பேரும் ஞாபகமில்ல, எழுதினவர் பேரும் ஞாபகமில்ல. நீல அட்டை. அது மட்டும் நல்லா ஞாபகமிருக்கு."

 அந்த வண்டிக்காரனைச் செல்வமேரிக்குத் தெரியும். மண்ணிவாக்கத்துக்கும் முடிச்சூருக்கும் நடுவே அவனோடு எத்தனை தடவை போயிருக்கிறாள். ஆனால் பெயரை வாய்விட்டுச் சொல்லவில்லை. "நீலத்தைத் தொடுங்க மேடம். மேல 'பனி'ன்னு டைப் பண்ணுங்க."

மேடம் ஒற்றை விரலால் தட்டினார். நான்கு நீலப் பட்டைகள் வந்து நின்றன. மூன்றாவதில், பனிக்கட்டிப் பாதை. அலமாரி பதினான்கு, தட்டு இரண்டு, உள்ளே இருக்கிறது.

"அட" என்றார் மேடம், மெதுவாக.

"காமுக்கா, பதினாலு, ரெண்டு, நீலம்" என்று செல்வமேரி குரல் கொடுத்தாள். தன் குரலில் ஒரு மிடுக்கு ஏறியிருப்பது அவளுக்கே கேட்டது.

காமு போனாள், வந்தாள். நீட்டினாள். அவள் கையில் இருந்த புத்தகம் நீலமாக இல்லை. வெளிறிய, பால் அதிகம் விட்ட தேநீர் போன்ற நிறம். துணி கூட இல்லை; பளபளவென்று, தொட்டால் வழுக்கும் ரெக்சின்.

"இது வேற புக்" என்றாள் செல்வமேரி.

"அதான் இது. நம்பர் பாரு."

நம்பர் அதுதான். உள்ளே திறந்தால் பனிக்கட்டிப் பாதைதான். மேடம் திரையைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். ராஜகோபால் தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்தச் செருமலில் ஆடித் தள்ளுபடி முழுவதும் இருந்தது.

"எப்பக்கா இப்படி ஆச்சு?"

"சனிக்கிழம. பைண்டிங்கு போன கட்டு வந்துச்சே. நீ உங்க சித்தப்பா மவ நிச்சயதார்த்தம்னு லீவு. எல்லாம் இந்தக் கலருதான் வந்துச்சு."

"ஏன்கா எங்கிட்ட சொல்லல?"

காமு உண்மையாகவே திகைத்தாள். "நான் இன்னாத்துக்குச் சொல்லணும்? சாரு ஒவ்வொரு புக்கையும் எட்த்து அந்த செவப்பு லைட்டு அட்சாரே. அது கலரு பாக்காதா?"

பார்கோடு படிக்கும் கருவியைத்தான் சொல்கிறாள். புத்தகம் திரும்பி வரும்போதெல்லாம் அதன் சிவப்பு ஒளி அட்டைமேல் ஓடும். இரண்டு மாதம் தொண்டை கட்டக் கட்ட நிறம் சொன்னவள், அது தொடங்கி வைக்கிற வேலை மட்டும்தான், இனி லைட்டே பார்த்துக்கொள்ளும் என்று நிம்மதியாக நம்பிவிட்டாள். அவள் மீது கோபப்படவும் முடியவில்லை.

உள்ளறையில் பழைய பத்திரிகைகளுக்குப் பசை போட்டுக்கொண்டிருந்த ஏகநாதனைக் கூப்பிட்டார்கள். கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"காலிகோ ஸ்டாக்கு இல்ல சார். பாரீஸ் கார்னர்ல கேட்டா அடுத்த மாசம்ன்றான். நம்ம மச்சான் ஒரகடத்துல கார் சீட்டு தைக்கிற எட்த்துல கீறான். மிஞ்சுன ரோலு ஒண்ணு குட்த்தான். பிஸ்கட் கலரு. சீட்டுக்கு வந்த ஐட்டம் சார், மனுசன் குந்தினாலே பத்து வர்சம் கிழியாது. புக்கு மேல யாரு குந்தப் போறா?"

"எத்தனை புக்கு?" என்றார் ராஜகோபால், தெரியாதவர் போல.

"முந்நூத்திப் பன்னெண்டு. எல்லாம் பிஸ்கட்டு."

ராஜகோபால் மேடத்தின் பக்கம் திரும்பினார். "இதான் மேடம் நான் சொன்னது. வீட்டுல செஞ்சா இப்படித்தான். முந்நூறு புக்கு தப்புன்னு காட்டுது. கம்பெனி பேக்கேஜ்ல இந்தப் பிரச்சினையே வராது."

"அதுல கலரே கிடையாதே சார், எப்படி வரும்?" என்றாள் செல்வமேரி. சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது.

காமு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மேடம் சிரிக்கவில்லை. புத்தகத்தின் வழுவழுப்பைத் தடவிக்கொண்டே, "நீலமா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். அதில் குறை சொல்லும் தொனி இல்லை. பழைய வீட்டு வாசலில் வேறு யாருடைய செருப்போ கிடப்பதைப் பார்த்தவர் போல இருந்தது.

செல்வமேரிக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பதிவுகளையும் 'பிஸ்கட்' என்று மாற்றிவிடலாம். அது பெரிய காரியமில்லை. ஆனால் மாற்றிவிட்டால் நாளை வந்து 'அந்த நீலப் புக்கு' என்று கேட்கிறவருக்கு யார் பதில் சொல்வது? நூலகத்துக்குத் திரும்பி வருகிறவர்கள் எல்லாரும் பழைய நிறத்தோடுதான் வருவார்கள்.

"மேடம், பத்து நிமிஷம் குடுங்க. இங்கயே, நீங்க பாக்கறப்பவே."

"என்ன பண்ணப் போற?"

"கலர் சேக்கப் போறேன்."

கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். முதலில் வெள்ளைப் பெட்டி. ஐந்து நிறங்களுக்கும் எழுதிய வரிகளின் கீழே ஆறாவதாக ஒரு வரி: பிஸ்கட். ஏகநாதன் எட்டிப் பார்த்து, "கொஞ்சம் வெளுப்பு ஜாஸ்தியா கீது. இன்னும் ரெண்டு சொட்டு டிகாசன் ஊத்து" என்றார். ஊற்றினாள். புத்தகத்தைத் திரையோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். "ஆங், இப்ப கரீட்டு."

அடுத்து பதிவுகளில் புதிதாக ஒரு கட்டம்: 'முன்பு'. பைண்டிங்குக்குப் போகும் புத்தகங்கள் கணக்குத் தப்பாமல் இருக்க, ஏகநாதன் பெயரிலேயே ஒரு உறுப்பினர் அட்டை போட்டு, அதில்தான் எடுத்ததாகப் பதிவது அந்த நூலகத்தின் வழக்கம். அங்கே அவரைவிடப் பெரிய வாசகர் கிடையாது. சனிக்கிழமை அவர் அட்டையிலிருந்து திரும்பிய பட்டியலை எடுத்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு. அந்தப் புத்தகங்களின் நிறத்தை எல்லாம் 'முன்பு' கட்டத்துக்கு நகர்த்து, காலியான இடத்தில் பிஸ்கட் என்று எழுது: இதைக் கணினிக்குப் புரியும் ஒரு கட்டளையாக எழுதினாள். எழுதியதை இரண்டு தடவை படித்தாள். ஒரு சொல் பிசகினால் ஆறாயிரத்து எண்ணூறும் பிஸ்கட் ஆகிவிடும். காமுவின் தொண்டை இன்னொரு ஏப்ரலைத் தாங்காது. மூன்றாவது தடவையும் படித்தாள்.

தட்டினாள். திரையில் எண் வந்தது: 312.

மறுபடி வெள்ளைப் பெட்டிக்கு வந்தாள். கடைசி வரி. 'முன்பு' கட்டத்தில் நிறம் இருந்தால், அகலப் பட்டைக்குப் பக்கத்தில் அந்த நிறத்தில் மெல்லிய கோடு ஒன்று. நிறச் சதுரத்தைத் தொட்டால் அந்தக் கோடு உள்ளவையும் சேர்ந்து வரட்டும். அதற்குத் தேடல் பக்கத்தில் ஒரு இடத்தைத் திருத்த வேண்டியிருந்தது. பத்து நிமிடம் பதினைந்தாயிற்று. மேடம் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த புத்தகத்தின் நடுவில் எங்கோ விரல் வைத்திருந்தார். வண்டி மலை இறங்கிக்கொண்டிருந்தது போலிருக்கிறது.

"இப்ப நீலத்தைத் தொடுங்க மேடம்."

தொட்டார். 'பனி' என்று தட்டினார். மூன்றாவது வரியில் பிஸ்கட் நிறப் பட்டை ஒன்று நின்றது. அதன் ஓரத்தில், புடவைக் கரை போல, மெல்லிய நீலம். பக்கத்தில் சின்ன எழுத்தில்: முன்பு நீல அட்டை.

மேடம் அந்த மெல்லிய நீலத்தின் மேல் விரலை வைத்தார். 

"ராஜகோபால்" என்றார் மேடம். "இதே மாதிரி நாளைக்கு ஒரு மாத்தம் வேணும்னா அந்தக் கம்பெனிக்காரங்க எத்தனை நாள்ல பண்ணித் தருவாங்க?"

"அது... லெட்டர் போடணும் மேடம். அவங்க டீம் வந்து பாத்துட்டு..."

"வர வேண்டாம்னு சொல்லிடுங்க. முதல் பக்கத்துல இப்ப இருக்கறது அப்படியே இருக்கட்டும்." எழுந்தவர், புத்தகத்தைச் செல்வமேரியிடம் நீட்டினார். "இத என் பேர்ல போட்டுடும்மா. எடுத்துட்டுப் போறேன்."

வாசல் வரை மேடத்தோடு போன ராஜகோபால், "எல்லாம் நம்ம லைப்ரரியிலேயே பண்ணினது மேடம். வெளியாள் யாரும் கை வெக்கல" என்று சொல்வது நூலகம் முழுக்கக் கேட்டது. திரும்பி வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், விளம்பரப் புத்தகத்தை டிராயருக்குள் தள்ளினார். பிறகு திரையருகே நின்று, "இந்த மஞ்சள் மட்டும் கொஞ்சம் கண்ணைப் பறிக்குது. பாத்துக்க" என்றார். செல்வமேரிக்கு அது மாலை போட்டது போல இருந்தது.

"அப்போ அந்த லைட்டு கலரு பாக்காதா?" என்றாள் காமு.

"பாக்காதுக்கா. நீதான் பாக்கணும்."

"அது சரி" என்றாள் காமு. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அன்றைக்கு என்னவோ கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தாள்.

செல்வமேரியின் அப்பா சின்னப்பன் மேடவாக்கம் அடுக்குமாடிகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். கடைசி நடை முடிந்து லாரியைப் படப்பைக்குக் கொண்டுபோகும் நேரமும் அவள் வேலை முடியும் நேரமும் ஒத்துப்போனால், கேம்ப் ரோடு முனையில் ஏற்றிக்கொள்வார். அன்று ஒத்துப்போனது. காலி டேங்கர் ஒவ்வொரு வேகத்தடையிலும் டமடமவென்று அதிர, அவள் நடந்ததையெல்லாம் கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவருக்குப் பாதிதான் கேட்டது. கேட்டது போதும் போல, படப்பையில் லாரியை ஓரங்கட்டி நிறுத்தினார்.

"காட்டு, பாக்கலாம்."

பிரவுசிங் சென்டரில் ஜான்சி அக்கா ஓரத்துக் கம்ப்யூட்டரைக் கொடுத்தாள். பக்கம் திறந்தது. ஆறு சதுரங்கள். சின்னப்பன் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, ஈரச் சட்டை எதன் மீதும் படாமல் கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"ஷோக்காத்தான் கீது. இதுல உம் பேரு எங்க கீது?"

"பேரெல்லாம் போட மாட்டாங்கப்பா."

"இத்தினி மாசம் செஞ்சது நீ. பேரு இல்லன்னா எப்டி?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு மெனுவைத் திறந்து, பக்கத்தின் மூலத்தைக் காட்டும் கட்டளையை அழுத்தினாள். வண்ணமெல்லாம் மறைந்து, குறிகளும் அடைப்புகளும் ஆங்கிலமுமாக ஒரு காடு விரிந்தது. அதில் கீழே இறங்கி, வெள்ளைப் பெட்டியில் அவள் எழுதியவை தொடங்கும் இடத்தில் நிறுத்தினாள். முதல் நாள், முதல் வரியாக அவள் எழுதியது. சாய்கோட்டுக்கும் நட்சத்திரக் குறிக்கும் நடுவே எழுதினால் கணினி அதைப் படிக்காது, தாண்டிப் போய்விடும். மனிதர்கள் மட்டும் படிக்கலாம்.

சின்னப்பன் முன்னால் குனிந்தார். எழுத்துக் கூட்டி, உதடு அசைய, படித்தார்.

"செல்வமேரி. படப்பை."

இன்னொரு தடவை படித்தார். பிறகு திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஜான்சி, இத்த ஒரு பிரிண்டு போடும்மா" என்றார். "கலர் பிரிண்டு."

ஜான்சி அக்கா எட்டிப் பார்த்தாள். "இதுல ஏதுண்ணா கலரு? எல்லாம் கறுப்பு எழுத்துதான்."

"கீது. நீ போடு."